பருவ வயதினரின் உடல் எடையும் இரத்த அழுத்தமும்

கொழுகொழுவென வளர்ந்த பிள்ளையைக் கண்டு 'மாஷா அல்லாஹ்' என மகிழ்வது நம் வீடுகளின் வழக்கம். வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் இரத்த அழுத்த மாத்திரை வாங்க மாதந்தோறும் மருந்துக்கடைக்குச் செல்கிறோம். பதினைந்து வயது மகனின் கையில் ஒருமுறையேனும் அந்தப் பட்டையைச் சுற்றிப் பார்த்திருக்கிறோமா? அது முதியோரின் நோய் என்று நாமாகவே முடிவுகட்டிவிட்டோம்.

மருத்துவம் அவ்வாறு கூறவில்லை. உடலில் மிகுந்த கொழுப்பு வெறும் சுமையன்று. அது நரம்பு மண்டலத்தைத் தூண்டுகிறது. இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய உப்பை உடலிலேயே தேக்குகிறது. உப்பு தேங்கினால் நீரும் தேங்கும். குழாய்களில் அழுத்தம் உயரும். 2017-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 13 வயது முதல் 120/80-க்குக் கீழே இருப்பதே இயல்பு. மேல் அளவு 130-ஐயோ கீழ் அளவு 80-ஐயோ எட்டினால், வெவ்வேறு நாட்களில் மூன்று முறை அளந்து, உயர் இரத்த அழுத்தம் என உறுதிசெய்வர். தலைவலி வரட்டும் எனக் காத்திருப்பதில் பயனில்லை. பெரும்பாலும் அறிகுறியே தோன்றாது. (பருத்த கையில் சிறிய பட்டையைக் கட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும், இதைக் கேட்டறிந்துகொள்வது நல்லது.) ஒல்லியான பிள்ளைகளுக்கும் இது வரலாம் என்றாலும், எடை மிகுந்தோருக்கே வாய்ப்பு அதிகம்.

பெண்பிள்ளைகளின் நிலையே நம்மை மிகவும் வருத்துகிறது. மகன் அஸர் தொழுதுவிட்டு மைதானத்துக்கு ஓடுகிறான். வயதுக்கு வந்த மகளோ பள்ளி, வீடு, கைப்பேசி என அடைபடுகிறாள். பின்னர் அவளது எடை பேச்சுக்கு வருவது பெண் பார்க்க வரும்போதுதான். அதுவும் அழகைக் குறித்து. நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தியைப் பயான்களில் கேட்டு நெகிழ்கிறோம். நம் மகளுக்கு ஓட ஓர் இடம் தந்தோமா?

அவளுக்கு மட்டும் தனித்தட்டில் கஞ்சியை வைத்துவிட்டு, மற்றோர் பிரியாணி உண்பது சிகிச்சையன்று, தண்டனை. பெரியவர்களுக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்புதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் இஃப்தார் சமோசாவும் சேர்ந்தால் அந்த அளவு எளிதில் தாண்டிவிடும். ஆகவே குறைக்க வேண்டியது வீட்டார் அனைவரின் தட்டிலும்தான்.

நம் ஜமாஅத் மண்டபங்கள் நிக்காஹ் இல்லாத நாட்களில் பூட்டியே கிடக்கின்றன. மாலையில் ஒரு மணி நேரம் பெண்பிள்ளைகளுக்கென அவற்றைத் திறந்துவிடுமாறு நிர்வாகிகளிடம் இந்த வெள்ளிக்கிழமையே கேட்கலாம்.