தரங்கம்பாடி ரயிலை ஏன் மறந்தார்கள்?



மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு ஓடிய ரயிலை 1980களில் நிறுத்தினார்கள். இன்றுவரை திரும்ப விடவில்லை. இதைக் கண்டித்துத்தான் எழுதுகிறேன். மலையடிவாரத்தில் ஏலக்காய் வாங்கி விற்கும் போடிக்காரனுக்குச் சோழநாட்டுக் கடற்கரை ரயிலில் என்ன அக்கறை என்று சிலர் கேட்கலாம். ரயில் இல்லாமல் போன ஊர் என்ன பாடுபடும் என்று எங்களுக்குத் தெரியும்.

போடிக்கு 1928இல் ரயில் வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஐம்பதுகளில் மறுபடி போட்டார்கள். பிறகு அகலப் பாதையாக மாற்றுகிறோம் என்று 2010 கடைசியில் நிறுத்தினார்கள். தேனி வரை ரயில் வர 2022 மே ஆனது, போடிக்கு வர 2023 ஜூன் ஆனது. இனி வராது என்றே எங்கள் ஊரில் பாதிப்பேர் முடிவு கட்டியிருந்தார்கள். நிறுத்தியபோது ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் பள்ளிப் படிப்பையே முடித்துவிட்டார்கள். ஆனாலும் கேட்டுக்கொண்டே இருந்தோம், வந்தது. இன்று சென்னை சென்ட்ரலுக்கே நேர் ரயில் இருக்கிறது. இரண்டு தடவை போன பாதையை இரண்டு தடவையும் மீட்ட ஊர் இது. ஆகவே, போனது போனதுதான் என்று தரங்கம்பாடிக்காரர்களிடம் யாராவது சொன்னால் எங்களால் ஒப்புக்கொள்ள முடியாது.

எங்கள் பக்கத்து ஆட்கள் அங்கே போவது பெரும்பாலும் அறுபதாம் கல்யாணத்துக்காக. திருக்கடையூரில் மாலை மாற்றிவிட்டு, அவ்வளவு தூரம் வந்ததற்குக் கடலையும் பார்த்துவிடலாம் என்று பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கும் தரங்கம்பாடிக்குப் போவார்கள். எங்கள் அண்ணன் மதினிக்குச் செய்தபோது நாங்களும் அப்படித்தான் போனோம். மயிலாடுதுறை வரை ரயில் கொண்டுபோய் விட்டது. அதற்கப்புறம் வயசாளிகளையும் கைப்பிள்ளைகளையும் சாமான்களையும் சேர்த்து பஸ்ஸில் ஏற்றி இறக்கிய பாட்டைச் சொல்லி மாளாது. முன்பு அதே மயிலாடுதுறை நிலையத்தில் வண்டி மாறியிருந்தால் மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார் என்று உட்கார்ந்தபடியே போய்த் தரங்கம்பாடியில் இறங்கியிருக்கலாம். மொத்தமே முப்பது கிலோமீட்டர்தான்.

அந்த ஊரைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடலை ஒட்டி நிற்கும் டேனியக் கோட்டை 1620இல் தொடங்கியது. தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க்கோடு ஒப்பந்தம் போட்டு இடம் கொடுத்தார். மிளகும் துணியும் தேடி வந்தவர்கள் டேனியர்கள். மிளகு விளையும் மலைக்குக் கீழே பிறந்த எனக்கு, இந்தச் சரக்கை நம்பி இத்தனை கடல் தாண்டி வந்து கோட்டையே கட்டினார்களே என்று அங்கே நின்றபோது மலைப்பாக இருந்தது. 1845இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டைக்குப் பக்கத்திலேயே, அவர்கள் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில். அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. ராஜவீதியில் 1701ஆம் ஆண்டின் சீயோன் ஆலயமும், பாதிரியார் சீகன்பால்கு கட்டி 1718இல் திறந்த புதிய எருசலேம் ஆலயமும் இருக்கின்றன. பள்ளிவாசல் இருக்கிறது. 2004 சுனாமியில் உறவுகளைப் பறிகொடுத்துவிட்டு மறுபடி அதே கடலுக்குள் போகும் மீனவர்களின் தெருக்கள் இருக்கின்றன. நடந்தே பார்த்து முடித்துவிடும் அளவுள்ள ஊருக்குள் இவ்வளவும்!

புதிய ஏற்பாடு முதன்முதலாகத் தமிழில் அச்சானது இங்கேதான், 1714, 1715ஆம் ஆண்டுகளில். அச்சுக்குக் காகிதம் போதவில்லை என்று பொறையார்ப் பக்கத்தில் காகிதப் பட்டறையே போட்டார்கள். தமிழில் ஒரு பத்திரிகையையாவது காசு கொடுத்து வாங்குகிற ஒவ்வொருவரும் ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டிய மண் அது. நான் போன அன்று கோட்டை வாசலில் நின்றதெல்லாம் சொந்தக் காரும் வாடகை வேனும்தான். வந்தவர்கள் சுவரோரம் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், மணலில் கால் நனைத்தார்கள், வேளாங்கண்ணிக்கு நேரமாகிறது என்று ஏறிப் போய்விட்டார்கள். கார் வைத்திருப்பவருக்கு அது வழியில் ஒரு நிறுத்தம். கார் இல்லாதவர் அந்தப் பக்கம் வருவது அபூர்வம். விடியுமுன் தோட்டத்து ஜீப்பில் நெருக்கியடித்து போடிமெட்டு ஏறிக் காய் எடுத்துவிட்டு, பொழுது சாய இறங்கும் எங்கள் ஊர்ப் பெண்கள் பலர் இன்னும் கடலையே பார்த்ததில்லை. சாதாரண ரயில் கட்டணத்தில் கடற்கரை வரை போகலாம் என்றால் அவர்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்புவார்கள்.

கிளைப்பாதை என்றாலே வருமானம் பத்தாது என்பார்கள். இந்தப் பாதைக்கு அது பொருந்தவே பொருந்தாது. திருக்கடையூருக்குத் தினமும் தமிழ்நாடு முழுவதிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள், அதுவும் நடக்கச் சிரமப்படும் வயதில். மன்னம்பந்தலிலும் பொறையாரிலும் கல்லூரிகள் இருக்கின்றன. 2020இல் மயிலாடுதுறை தனி மாவட்டமானது. ஆட்சியர் அலுவலகமும் மன்னம்பந்தல் பக்கம்தான். தரங்கம்பாடி மீனவப் பெண் கூடையோடு மயிலாடுதுறைச் சந்தைக்குப் போக வேண்டாமா? தில்லையாடி வள்ளியம்மை நினைவிடத்தைப் பள்ளிப் பிள்ளைகள் பார்க்க வேண்டாமா? இவ்வளவு ஆட்களும் கண்ணில் படாமல் ஒரு பாதையை நட்டக் கணக்கில் எழுதிவைப்பது பெரிய அநியாயம்.

அதே 1980களில் மூடிய பேரளம் – காரைக்கால் பாதையில் இப்போது புதிதாகத் தண்டவாளம் போட்டாகிவிட்டது. அதை மனதார வரவேற்கிறேன். அந்த வழியில் திருநள்ளாறு போகும் பக்தருக்கு அது நியாயம் என்றால், கூப்பிடு தூரத்தில் இருக்கும் திருக்கடையூருக்கும் தரங்கம்பாடிக்கும் ஏன் இல்லை? கடற்கரையோரம் நாலுவழிச் சாலைக்குப் பணம் இருக்கிறதே, முப்பது கிலோமீட்டர் தண்டவாளத்துக்கு மட்டும் எப்படி இல்லாமல் போகும்?

மயிலாடுதுறைப் பகுதி மக்கள் இதைக் கேட்டுக் கேட்டு ஒரு தலைமுறையே கடந்துவிட்டது. தெற்கு ரயில்வே முதலில் பழைய பாதையின் நிலத்தில் எவ்வளவு கைவசம் இருக்கிறது, எவ்வளவு ஆக்கிரமிப்பில் இருக்கிறது என்பதை வெளிப்படையாக அறிவிக்கட்டும். இருக்கிற நிலத்தை இனி எந்தக் காரியத்துக்கும் கைமாற்றக் கூடாது. சுற்றுலாவுக்கு விளம்பரம் செய்யும் மாநில அரசு, இந்தப் பாதைக்குத் தன் பங்காக எதைத் தரும் என்று எழுத்தில் கொடுக்கட்டும். மயிலாடுதுறை நாடாளுமன்ற உறுப்பினரோடு எங்கள் தேனி உறுப்பினரும் சேர்ந்து ரயில்வே அமைச்சரிடம் இதைக் கேட்க வேண்டும். போடி ரயிலுக்காக எழுதிய மனுக்களின் நகல் எங்கள் ஊரில் பலர் வீட்டில் இன்னும் இருக்கிறது. மயிலாடுதுறைக்காரர்கள் கேட்டால் கொடுக்கவும், கையெழுத்துப் போடவும் நாங்கள் தயார். அடுத்த பட்ஜெட்டுக்குள் பதில் வர வேண்டும்.

இப்படிக்கு,
ஏலக்காய் வியாபாரி ஒருவர்,
போடிநாயக்கனூர்.