வண்டி பின்னாடி போகுது மாமா!

பர்ஸ்ல புது லைசென்ஸ், கண்ணு முன்னாடி புது கார். வேற என்ன வேணும்?

மாமா கார் எடுத்து நாலே நாள். டி.என்.46 நம்பர் பிளேட்டுல வெச்ச சந்தனம் குங்குமம்கூட அழியலை. பெரம்பலூர் பாலக்கரையில ஓரங்கட்டி, ‘‘அரியலூர் வரைக்கும் நீ ஓட்டு மாப்ள’’ன்னு சாவியைக் கொடுத்தார். ஜிவ்வுனு ஏறிடுச்சு எனக்கு!

பேரளி வரைக்கும் நம்ம பந்தா தாங்கலை. அதுக்கப்புறம்தான் ஆரம்பிச்சது வினை.

அரியலூர் ரோடு எப்படின்னு அந்தப் பக்கத்து ஆளுங்களுக்குத் தெரியும். சிமென்ட் ஃபேக்டரிகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏத்திட்டுப் போற டிப்பர் லாரிங்க ஊர்வலமா வரும். ஒரு பாலத்து ஏத்தத்துல டிராஃபிக் நின்னுடுச்சு. எனக்குப் பின்னாடி ஒரு டிப்பர். கால் வலிக்குதேன்னு ஹேண்ட் பிரேக்கை லேசா ரெண்டு ‘கிளிக்’ இழுத்துட்டு, பிரேக்குலேர்ந்து காலை எடுத்தேன். வண்டி மெதுவா பின்னாடி நகருது! லாரிக்காரர் ஹாரன்ல கை வெச்சவர் எடுக்கவே இல்லை. கை, கால் எதுவும் ஓடலை. மாமாதான் பாய்ஞ்சு லிவரை முழுசா இழுத்தார். லாரி பம்பருக்கும் நமக்கும் ஒரு முழம்தான் பாக்கி.

இறங்கி வந்த டிரைவர் அண்ணன் திட்டவே இல்லை. ‘‘தம்பி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தா மட்டும் போதாது. வண்டி அதுல நிக்குதான்னு பார்த்துட்டுத்தான் காலை எடுக்கணும்’’னார். அவர் இடைவெளி விட்டு நின்னதாலதான் இன்னிக்கு இந்தப் பக்கத்தை எழுதிட்டிருக்கேன்.

தப்பு எங்கே? நான் பழகின டிரைவிங் ஸ்கூல் கார்ல ஹேண்ட் பிரேக் சும்மா பேருக்குத்தான் இருந்துச்சு. ‘எச்’ போட்டேன், பாஸ். ஆனா, செங்குத்தான ஏத்தத்துல நிறுத்தி, பின்னாடி உருளாம எடுத்துக் காட்டணும்னு 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள்லயே இருக்கு பாஸ்! அதை யாரும் கேட்கலை, நானும் கத்துக்கலை.

மாமா மறுநாளே காலி கிரவுண்டுல உட்கார வெச்சு கிளாஸ் எடுத்தார். உங்களுக்காக அதுலேர்ந்து கொஞ்சம்:

* நிறைய கார்ல ஹேண்ட் பிரேக் ஒரு கேபிளை இழுத்து, பின் சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். எத்தனை ‘கிளிக்’ல பிடிக்கணும்னு மேனுவல்ல பாருங்க. புதுக் கேபிள் ஓட ஓடக் கொஞ்சம் தளரும். லிவர் வழக்கத்தைவிட மேல வந்தா, சர்வீஸ்ல சொல்லி டைட் பண்ணுங்க.

* ஏத்தத்துல எடுக்கும்போது, கிளட்ச்சை மெல்ல விடுங்க. இன்ஜின் சத்தம் மாறி, பானெட் லேசா எழும்பும். அதுதான் சிக்னல். ஆக்ஸிலேட்டர் கொடுத்துக்கிட்டே லிவரை இறக்குங்க.

* மேடு பார்த்து நிறுத்தினா ஃபர்ஸ்ட் கியர், பள்ளம் பார்த்து நிறுத்தினா ரிவர்ஸ் கியர். சக்கரத்துக்கு ஒரு கல்லும் வெச்சா கௌரவம் ஒண்ணும் குறையாது.

* லிவரை இறக்கின பிறகும் சிவப்பு லைட் எரியுதா? பிரேக் ஆயில் குறைஞ்சிருக்கலாம். அலட்சியம் வேணாம்.

* ஓடற வண்டியில ஹேண்ட் பிரேக் இழுத்து சீன் போடாதீங்க. பின் சக்கரம் லாக் ஆகி வண்டி சுத்திடும்.

* பட்டன் டைப் பிரேக், ‘ஹில் ஹோல்ட்’ எல்லாம் இருக்கற வண்டியா? சந்தோஷம். ஆனா, ஹில் ஹோல்ட் ஓரிரு செகண்டுதான் பிடிச்சு நிக்கும். அதுக்குள்ள நீங்க ரெடியாகணும்.

அரை மணி நேரத்துல நான் பதினைஞ்சு தடவை வண்டியை ஆஃப் பண்ணினேன். பதினாறாவது தடவை, ஒரு இன்ச்கூட உருளாம எழுந்து போச்சு. மாமா எதுவும் சொல்லலை. ஆனா, அடுத்த ஞாயித்துக்கிழமை சாவியை மறுபடியும் என்கிட்டதான் கொடுத்தார்.

வர்ட்டா!