இளந்தோளும் பெருஞ்சுமையும்



அமெரிக்க நாட்டில் கால்பந்து என்று வழங்கப்படும் ஆட்டம் நாம் அறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவான பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடுவது அது. பக்கத்துக்குப் பதினொருவர். பந்தைக் கைக்கொண்ட அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அவற்றுள் 10 கஜம் முன்னேறினால் மேலும் நான்கு கிடைக்கும். இல்லையேல் பந்து எதிரணிக்குப் போய்விடும். நம் பிள்ளைகளிற் சிலர் பிப்ரவரித் திங்களில் நடைபெறும் இறுதியாட்டத்தைக் காண விடியற்காலை ஐந்து மணிக்கே எழுந்துவிடுகின்றனர். தேர்வுக்கு எழாத பிள்ளை ஆட்டத்துக்கு எழுகிறானே என்று தாய்மார் வருந்துகின்றனர். அவ்வருத்தம் ஒருபுறம் இருக்க, அவ்வாட்டத்திலே பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு.

ஆட்டத்தின் நடுநாயகமாக நிற்பவன் குவார்ட்டர்பேக் எனப்படுவான். ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் அவன் கைக்கே வரும். எவனிடம் எறிவது என்பதை மூன்று நொடிக்குள் அவன் முடிவு செய்ய வேண்டும். அதற்குள் மலை போன்ற வீரர்கள் அவனை வீழ்த்தப் பாய்ந்து வருவர். வென்றால் புகழ் அவனுக்கே. தோற்றால் பழியும் அவனுக்கே. இப்பொறுப்பை 21, 22 வயது இளைஞனிடம் ஒப்படைத்து, ஊரே அவன் முகத்தை நோக்கி நிற்கிறது.

ஆண்டுதோறும் கல்லூரி வீரர்களை அணிகள் வரிசைமுறையில் தெரிந்தெடுக்கின்றன. முந்திய ஆண்டில் மிகவும் பின்தங்கிய அணிக்கே முதல் உரிமை. இது நியாயமான ஏற்பாடுதான். ஆயினும் இதன் மறுபக்கத்தையும் காணல் வேண்டும். மிகத் திறமை வாய்ந்த பிள்ளை பெரும்பாலும் மிக நலிந்த அணிக்கே போய்ச் சேர்கிறான். கூரை ஒழுகும் வீட்டுக்குக் குடிபோனவனைப் பார்த்து, நீ ஏன் நனைந்தாய் என்று கேட்பது போன்றது அவன் நிலை.

2002-ஆம் ஆண்டில் ஹூஸ்டன் நகரில் புதிதாய்த் தோன்றிய அணி, டேவிட் கார் என்னும் இளைஞனை முதல்வனாகத் தெரிந்தெடுத்தது. அவனைக் காக்க வேண்டிய முன்வரிசை வலுவற்றிருந்தது. அந்த ஒரே பருவத்தில் அவன் 76 முறை பந்தோடு வீழ்த்தப்பட்டான். அவ்வளவு அடி ஒரே பருவத்தில் வேறு எவனும் பட்டதில்லை. இதற்கு மாறாக, 2004-இல் பென் ராத்லிஸ்பர்கர் என்பவன் வலிமை மிக்க பிட்ஸ்பர்க் அணியில் சேர்ந்து, முதற் பருவத்திலே தான் தொடங்கிய 13 வழக்கமான ஆட்டங்களிலும் வென்றான். இருவரும் திறமையுள்ளவர்களே, அவர்களைச் சூழ நின்றவர்கள்தாம் வேறு.

பணக்கணக்கும் இதில் கலந்திருக்கிறது. 2010-இல் முதல்வனாகத் தெரிந்தெடுக்கப்பட்டவனுக்கு 5 கோடி டாலர் உறுதியளிக்கப்பட்டது. 2011-இல் புதியவர் ஊதியத்துக்கு வரம்பு வகுத்தனர். அவ்வாண்டின் முதல்வன் நான்கு ஆண்டுக்குப் பெற்றது ஏறக்குறைய 2 கோடியே 20 இலட்சம் டாலரே. குறைந்த செலவில் கிடைக்கும் அந்த நான்கு ஆண்டுக்குள் அவனைக் கொண்டு வென்றுவிட வேண்டும் என்னும் அவசரம் அணிகளுக்கு உண்டாயிற்று. முதற்சுற்றில் எடுக்கப்பட்டவனை ஐந்தாம் ஆண்டும் வைத்துக்கொள்வதா என்பதை மூன்று பருவம் முடிந்தவுடனே தீர்மானித்தாக வேண்டும். ஆகவே தீர்ப்பும் விரைந்து வருகிறது.

நான் பணிபுரியும் ரயில்வேயில் புதிதாய்ச் சேர்ந்தவன் முதல் நாளே விரைவு வண்டியை ஓட்டுவதில்லை. துணை ஓட்டுநனாக அமர்ந்து, பிறகு சரக்கு வண்டி, பிறகு பயணி வண்டி எனப் படிப்படியாக ஏறுகிறான். அவ்வாட்டத்திலும் இம்முறையைப் பின்பற்றிப் பயன் கண்டோர் உளர். ஆரன் ராட்ஜர்ஸ் 2005-இல் சேர்ந்து மூன்றாண்டு மூத்தவருக்குப் பின் காத்திருந்தான். 2011-இல் இறுதியாட்டத்தை வென்றான். பாட்ரிக் மஹோம்ஸ் 2017-இல் சேர்ந்து ஓராண்டு காத்திருந்தான். அடுத்த ஆண்டே தலைசிறந்த வீரன் என்னும் விருதைப் பெற்றான்.

எனினும் காத்திருத்தல் ஒன்றே மருந்து என்று கூறிவிடலாகாது. பேய்ட்டன் மானிங் 1998-இல் முதல் ஆட்டத்திலிருந்தே களமிறங்கினான். அப்பருவத்தில் அவன் எறிந்த 28 பந்துகள் எதிரணியின் கையிற் சிக்கின. அவன் அணி 3 ஆட்டங்களில் வென்று 13-இல் தோற்றது. அணியினர் அவனைக் கைவிடவில்லை. பின்னாளில் அவன் ஐந்து முறை தலைசிறந்த வீரனானான். அதே ஆண்டில் அவனுக்கு அடுத்தவனாக எடுக்கப்பட்ட ரயன் லீஃப் சில ஆண்டுகளிலேயே ஆட்டத்தை விட்டு விலகினான். போதைப் பழக்கத்தால் சிறையும் கண்டான். பிறகு மீண்டெழுந்து, அத்துன்பத்தைப் பற்றிப் பிறருக்கு வெளிப்படையாக எடுத்துரைத்து வருகிறான். அவ்விருவரில் எவன் சிறந்தவன் என்று 1998-இல் அறிஞர்கள் வாதிட்டனர் என்பதை நினைத்தால், மனிதக் கணிப்பின் எல்லை விளங்கும்.

கோடி கோடியாய்ப் பொருள் பெறுவோர்க்கு இரக்கம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். கேள்வி தகுந்ததே. அவர்கள் தாமே விரும்பி ஏற்ற தொழில் அது. ஆயினும் அணியின் இழப்பு பொருளோடு முடிகிறது. இளைஞனின் இழப்பு உடலில் தங்குகிறது. 2012-இல் ராபர்ட் கிரிஃபின் என்பவனைப் பெறுவதற்காக வாஷிங்டன் அணி மூன்று முதற்சுற்று உரிமைகளையும் ஓர் இரண்டாம் சுற்று உரிமையையும் ஈந்தது. அவன் அவ்வாண்டின் சிறந்த புதியவருள் ஒருவனாகப் பரிசு பெற்றான். முன்பே நொந்த முழங்காலோடு 2013 ஜனவரியில் ஆடினான், முழங்காலின் தசைநார்கள் கிழிந்தன. பழைய வேகம் திரும்பவில்லை. 2022 செப்டம்பரில் டுவா டாகோவைலோவா ஓர் ஆட்டத்தில் தள்ளாடினான். நான்கு நாட் கழித்து மறு ஆட்டத்தில் தலையில் அடிபட்டு, படுக்கையில் வைத்துத் தூக்கிச் செல்லப்பட்டான். அதன் பின்னரே, அவ்வாறு தள்ளாடுபவன் அன்று மீண்டும் ஆடலாகாது என்னும் விதி அக்டோபரில் வந்தது.

2012-இன் முதல்வனான ஆண்ட்ரூ லக், அடுத்தடுத்த காயங்களால் மனம் சலித்து, 2019 ஆகஸ்டில் தம் 29-ஆம் வயதிலே ஓய்வு பெற்றார். செய்தி பரவிய மாலையில், அவர் களத்தை விட்டு நடந்தபோது, சொந்த ஊர் மக்களிற் சிலரே ஏளனக் குரல் எழுப்பினர். ஏழாண்டு தமக்காக அடி தாங்கியவர் என்னும் எண்ணம் அவர்களுக்கு அப்போது எழவில்லை.

பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்புக்காக வந்த நாமும் பிள்ளைகள்பால் பெரிதாகவே எதிர்பார்க்கிறோம். அது குற்றமன்று. வீட்டுக் கடனும் தங்கையின் திருமணமும் மூத்தவன் வாங்கும் மதிப்பெண்ணில் தொங்குவதை நாம் அறிவோம். அவனிடம் கேட்குமுன் சிலவற்றை நம்மிடம் கேட்டுக்கொள்வோமாக. அவனைத் தாங்கும் முன்வரிசை உண்டா? ஓராண்டு தவறினால் பொறுக்கும் மனம் நமக்கு உண்டா? முடியவில்லை என்று அவன் சொன்னால், அதைக் காது கொடுத்துக் கேட்பார் வீட்டில் உண்டா? இம்மூன்றுக்கும் உண்டு என்று விடை கூறக்கூடிய வீட்டார், பிள்ளையின் தோளில் சுமையை ஏற்றலாம்.