வகைக்கெழுவின் குறி மட்டும் போதுமா?

வகைக்கெழு எங்கும் குறையெண்ணாக இருந்தால் சார்பு இறங்கும் சார்பே என்று விடைத்தாள்களில் தயக்கமின்றி எழுதப்படுகிறது. ஓர் எண்ணுக்கு அதன் தலைகீழியைத் தரும் சார்பு இதற்கு உடன்படாது. பூச்சியம் நீங்கலாக எல்லாப் புள்ளிகளிலும் அதன் வகைக்கெழு குறையெண்தான். ஆயினும் −1இல் அதன் மதிப்பு −1, 1இல் 1. இறங்க வேண்டியது ஏறியிருக்கிறது!

வகைக்கெழு ஒரு புள்ளியின் அண்மையை மட்டுமே அறியும். தொலைவிலுள்ள இரு புள்ளிகளை ஒப்பிட லக்ராஞ்சியின் சராசரி மதிப்புத் தேற்றம் வேண்டும்; அதுவும் அறுபடாத ஓர் இடைவெளிக்குள்ளேயே செல்லும். இங்கே பூச்சியம் சார்பகத்தை இரண்டாக அறுத்துவிட்டது.

இளங்கலை வகுப்புகளிலோ இத்தேற்றம் ‘சி’யின் மதிப்பைக் காணும் சிறு கணக்காகச் சுருங்கிக் கிடக்கிறது. சி எங்கிருந்தாலும் அங்கு வகைக்கெழுவின் குறி தெரிந்தால் நிறுவல் முடிந்தது. மதிப்பைத் தேட வேண்டியதே இல்லை. சார்பகம் ஒரே இடைவெளியா என்று முதலில் ஒரு வரி எழுதச் சொல்லி, அதற்கும் மதிப்பெண் வழங்கலாம்.