ரகசியமாகக் கையெழுத்திடாதீர்கள்

2007 மே மாதம் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஃபார்ச்சூன் பத்திரிகையிடம் ஒரு கணக்குச் சொன்னது. கட்டற்ற மென்பொருள்கள் தங்களுடைய 235 காப்புரிமைகளை மீறுகின்றனவாம். லினக்ஸ் கெர்னலில் 42, திரை இடைமுகங்களில் 65, ஓப்பன் ஆபீஸில் 45, மின்னஞ்சல் மென்பொருள்களில் 15, மற்றவற்றில் 68. இவ்வளவு துல்லியமாகப் பிரித்துச் சொன்னவர்கள் ஒரே ஒரு காப்புரிமையின் எண்ணையாவது சொன்னார்களா? இல்லை.

கட்டற்ற மென்பொருளை எழுதும் நாங்கள், எந்தக் காப்புரிமை, எங்கள் நிரலில் எந்த வரி என்று கேட்டோம். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸும் வெளிப்படையாகவே கேட்டார். எங்கள் நிரல் முழுவதும் உலகத்தின் கண்முன் திறந்து கிடக்கிறது. ஒளிக்க எங்களிடம் எதுவுமில்லை. திருடன் என்று ஊர்கூட்டிச் சொல்லிவிட்டு, களவுபோன பொருள் எதுவென்று சொல்ல மறுத்தால் குற்றம் சாட்டப்பட்டவன் யாரிடம் போய் நியாயம் கேட்பான்?

ஏன் மறைத்தார்கள் என்பது 2009-இல் விளங்கியது. லினக்ஸில் இயங்கும் வழிகாட்டிக் கருவிகளைச் செய்த டாம்டாம் மீது வழக்குத் தொடுத்தபோது எண்களை எழுதித்தான் ஆகவேண்டியிருந்தது. ஒரு கோப்புக்கு நீண்ட பெயர், குறும்பெயர் இரண்டையும் சேர்த்து வைக்கும் முறை அவற்றில் ஒன்று. டாம்டாம் சில வாரங்களில் பணம் கொடுத்துச் சமரசமானது. ஆனால் எங்களில் ஒருவரான ஆண்ட்ரூ டிரிட்ஜெல் சில மாதங்களுக்குள், இரண்டு பெயரையும் சேர்த்து உருவாக்காத மாற்று நிரலை எழுதி வெளியிட்டுவிட்டார். எது என்று தெரிந்தால் மாற்றி எழுத எங்களால் முடியும். தெரியாதவரைதான் மிரட்டல் செல்லும்.

தொழில் நடத்துகிறவர்களே, உங்களிடம்தான் கேட்கிறேன். உங்கள் சர்வர்களும் கைப்பேசிகளும் நாங்கள் எழுதியதில் ஓடுகின்றன. ஒரு வக்கீல் கடிதம் வந்ததும் ஏன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறீர்கள்? நீங்கள் கட்டிய பணம் அதோடு முடிவதில்லை. "இத்தனை பெரிய நிறுவனங்களே உரிமம் வாங்கிவிட்டன" என்று அடுத்தவரை மிரட்டும் சான்றாகிவிடுகிறது. காப்புரிமை என்பது யாரும் எடுத்துப் படிக்கக்கூடிய அரசு ஆவணம். அப்படியிருந்தும், ஆண்ட்ராய்டு கருவிகள் மீதான புகாரின் விவரத்தைக் காட்டவே மைக்ரோசாஃப்ட் ரகசிய ஒப்பந்தம் கேட்டது என்று புத்தக நிறுவனமான பார்ன்ஸ் அண்டு நோபிள் 2011-இல் நீதிமன்றத்திலேயே சொன்னது. அப்படிச் சொல்லும் துணிவு மற்றவர்களுக்கு ஏன் வரவில்லை?

எதிர்த்து நின்றவர்கள் தோற்றார்களா என்ன? லினக்ஸ் நிறுவனங்களான ரெட் ஹேட்டும் நோவெலும் டெக்சாஸின் மார்ஷல் நகர நீதிமன்றம்வரை போயின. தங்கள்மீது ஏவப்பட்ட காப்புரிமைகள் செல்லாதவை என்று 2010-இல் நடுவர் குழுவிடம் தீர்ப்பு வாங்கின. இத்தனைக்கும் காப்புரிமை வைத்திருப்போருக்குச் சாதகமான இடம் என்று பேரெடுத்த ஊர் அது. 2019-இல் ஷாட்வெல் என்ற புகைப்பட மென்பொருளுக்காக, லாப நோக்கில்லாத ஜினோம் அறக்கட்டளைமீதே காப்புரிமை நிறுவனம் ஒன்று வழக்குப் போட்டது. பணம் கொடுத்து ஒதுங்கிக்கொள்ளும் வாய்ப்பு இருந்தது. அறக்கட்டளை மறுத்தது. சாதாரண மனிதர்கள் கொடுத்த நன்கொடை ஒன்றரை லட்சம் டாலரைத் தாண்டியது. கடைசியில் வழக்குப் போட்டவர்களே, திறமூல உரிமத்தில் வெளிவரும் எந்த மென்பொருள்மீதும் தங்கள் காப்புரிமைகளைக் காட்டி வழக்கிட மாட்டோம் என்று எழுதிக்கொடுத்தார்கள்.

நன்கொடையில் பிழைக்கும் ஓர் அறக்கட்டளைக்கு இருந்த முதுகெலும்பு, சம்பளத்துக்கு வக்கீல் வைத்திருக்கும் உங்களுக்கு இருக்கக் கூடாதா? எங்களில் பலருக்கு ஒரு வக்கீலிடம் ஒரு மணி நேரம் பேசக்கூடக் கட்டுப்படியாகாது. எந்தக் காப்புரிமை, அதன் எந்தக் கோரிக்கை, எந்த நிரல்பகுதி என்று எழுத்தில் கேளுங்கள். எங்களிடம் காட்டுங்கள், அதற்கு முன்பே அந்த உத்தி புழக்கத்தில் இருந்ததற்கான சான்றைத் தேடித் தருகிறோம். அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்திலேயே மறுஆய்வு கோரி அந்தக் காப்புரிமையைச் செல்லாததாக்க வழியிருக்கிறது.

லினக்ஸ் தொடர்பாக ஒருவர்மேல் ஒருவர் காப்புரிமையை ஏவமாட்டோம் என்று உறுதி கொடுப்பவர்களின் கூட்டமைப்பு ஓப்பன் இன்வென்ஷன் நெட்வொர்க், 2005 முதல் இருக்கிறது. பொருள் எதுவும் தயாரிக்காமல் வழக்கையே தொழிலாக நடத்துபவர்களை அது தடுக்காது, மற்றவர்களைத் தடுக்கும். 2018-இல் மைக்ரோசாஃப்டே அறுபதாயிரம் காப்புரிமைகளோடு அதில் சேர்ந்தது. பதினோரு ஆண்டுகள் நாங்கள் சுமந்த பழியை யார் துடைப்பது என்ற கேள்வி எங்கள் நெஞ்சில் இன்னும் கனன்றுகொண்டிருக்கிறது. அவர்களே சேர்ந்துவிட்டார்கள். அப்போது சேரக் கட்டணமும் இருக்கவில்லை. எங்கள் நிரலில் வயிறு வளர்க்கும் நீங்கள் இன்னும் ஏன் வெளியே நிற்கிறீர்கள்?