பதவி ஏறியது, நீதி இறங்கியது

ஹரியாணா பொலிஸ் அதிகாரி எஸ்.பி.எஸ். ராத்தோரின் பதவி ஏட்டையும் வழக்கு ஏட்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

1990 ஆகஸ்டில், பஞ்ச்குலாவில், 14 வயது டென்னிஸ் வீராங்கனையிடம் அவர் முறைகேடாக நடந்துகொண்டார் என முறைப்பாடு எழுந்தது. மாநிலப் பொலிஸ் தலைவரே விசாரித்து, குற்றத்துக்கு முகாந்திரம் உண்டு என்றார். ஆயினும் வழக்குப் பதிவாக 9 ஆண்டுகள் சென்றன. 1993 இல் அச்சிறுமி நஞ்சருந்தி மாண்டாள். 1999 இல் ராத்தோர் மாநிலப் பொலிஸ் தலைவரானார்!

2009 டிசம்பரில் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. தண்டனை 6 மாதச் சிறை, 1,000 ரூபா அபராதம். மேன்முறையீட்டில் அது 18 மாதமாயிற்று. 2016 இல் உச்ச நீதிமன்றம் குற்றத்தை உறுதிசெய்தபோதும், அனுபவித்த சிறைக்காலமே போதும் என்றது.

குற்றம் நிரூபணமாகும்வரை எவரும் நிரபராதியே என்பார்கள். உண்மைதான். ஆனால் ஒருவரை நிரபராதியாகக் கருதுவது வேறு. சாட்சிகள் அஞ்சும் நாற்காலியில் அவரை அமர்த்துவது வேறு. அமர்த்திய அரசியல்வாதிகள் எவரும் கூண்டேறவில்லை.

'சட்டம் தன் கடமையைச் செய்யும்' என்ற வாக்கியத்தைப் பத்திரிகையாளனாக எத்தனையோ முறை அச்சேற்றியிருக்கிறேன். இன்று அதற்காக வெட்கப்படுகிறேன். சட்டம் தானாக எதையும் செய்வதில்லை.