பால்மரக் காட்டுக்கும் தொல்லியல் உண்டு

பேராக் மனிதனைப் பள்ளியில் நாம் எல்லாரும் படித்திருப்போம். 1991-இல் லெங்கோங் குகை ஒன்றில் கிடைத்த அந்த எலும்புக்கூடு பத்தாயிரம் ஆண்டுப் பழமையானது. அடுத்து பூஜாங் பள்ளத்தாக்கு, மலாக்கா சுல்தானகம், போர்த்துகீசியர் கோட்டை. நாட்டின் தொல்லியல் அத்தோடு முடிந்ததுபோல் பேசுகிறோம்.

கெடாவில் சண்டி 11 இடிக்கப்பட்ட செய்தி 2013-இல் வந்தபோது நம்மவர்கள் கொதித்தார்கள். நியாயமான கோபம்தான். தனியார் நிலம், அரசிதழில் பதிவாகாத இடம்; இயந்திரத்தைத் தடுக்க யாருமில்லை. மலாக்காவில் நடந்தது வேறு. 2006-இல் பண்டார் ஹிலிரில் சுழலும் கோபுரத்துக்குத் தோண்டியபோது பழைய கோட்டையின் மிடல்பர்க் கொத்தளம் வெளிப்பட்டது. கோபுரத்தையே வேறு இடத்துக்கு மாற்றினார்கள்.

சண்டிக்காகக் கொதித்த நாம், நம் தாத்தா பாட்டி வாழ்ந்த தோட்டத்துக்காக என்ன செய்தோம்? ரப்பரை வணிகப் பயிராக்கிய முன்னோடிகளில் ஒருவரான டான் சாய் யான், 1896-இல் கன்று நட்டது நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில். பிறகு புக்கிட் அசஹான். நாட்டின் ரப்பர் வரலாற்றுக்கு அடிமண் இங்கே இருக்கிறது. அந்த மண்ணின்மேல் இன்று செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும். லயம், பெரட்டுக்களம், ஆயாக்கொட்டகை, கள்ளுக்கடை எங்கெங்கே இருந்தன என்று கைகாட்டக்கூடியவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது.

‘நேற்று நடந்ததற்கு எதற்குத் தொல்லியல்? எல்லாம் எழுத்தில் இருக்கிறதே’ என்பார்கள். எழுதியது துரையும் கிராணியும். செக்ரோலில் பேரும் கூலியும் இருக்கும். அடுப்பில் என்ன வெந்தது, பிள்ளைகள் எதை வைத்து விளையாடினார்கள் என்பது இருக்காது. அமெரிக்காவில் ஜெபர்சனின் மாண்டிசெல்லோ தோட்டத்தில் அடிமைகளின் குடியிருப்புகளை அகழ்ந்து, பீங்கான் துண்டு, பித்தான், எலும்பு ஆகியவற்றைக் கொண்டே அவர்களின் வாழ்க்கையை எழுதினார்கள். எஜமானின் கடிதங்களில் இல்லாத வாழ்க்கை அது.

அதற்காக நாமே மண்வெட்டியைத் தூக்கக் கூடாது. 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி அகழ்வதற்கு அனுமதி வேண்டும். கண்டபடி தோண்டினால் எது எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்ற சான்றும் போய்விடும். ஆனால் வரைபடம் போட அனுமதி தேவையில்லை. ஒரு பெரியவர், ஒரு தாள், ஒரு கைப்பேசி போதும். எந்த வரிசையில் எத்தனை வீடு, எந்த வீட்டில் யார், கோயில் எந்தத் திசை என்று குறித்துக்கொள்ளலாம். கிணறும் குப்பைக்குழியும் எங்கே இருந்தன என்று மறக்காமல் கேளுங்கள். பின்னாளில் ஆய்வாளர்கள் வந்தால் முதலில் தேடப்போவது அவற்றைத்தான். உடைந்ததும் தொலைந்ததும் அங்கேதான் கிடக்கும்.